மாமன் மடியும் கருவேல நிழலும்

எனக்குக் காது குத்தியது ஒன்பது வயதில். இப்போது நான் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பெண்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். "அது வரைக்கும் மூளிக் காதோடவா இருந்தீங்க?" என்று என் காதைத் தொட்டே பார்ப்பார்கள். அதற்குக் காரணம் ஒரு ஏரி என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். ஆனால் ஏரிதான் காரணம். சமயபுரத்தாள் சாட்சி.

எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள். ஒரு வயதில் நாள் பார்த்தார்கள், பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. மூன்றில் பார்த்தார்கள், இன்னொரு பங்காளி போய்ச் சேர்ந்தார். எங்களுக்குப் பங்காளிகள் அதிகம். ஐந்தில் தம்பி அம்மா வயிற்றில் இருந்தான். ஏழில் மறுபடியும் ஒரு பங்காளி. ஒன்பதை விட்டால் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்கள் பொட்டுத் தோடும் வளையமும் போட்டுக்கொண்டு வர, ஆண்டு விழா நாடகத்தில் டீச்சர் எனக்கு மட்டும் மந்திரி வேஷம் கொடுத்தார். "உனக்குத்தான் காதுல ஒண்ணும் இல்லையே, மீசை வரைஞ்சா சரியாப் போயிடும்" என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகையில் மீசை கரைந்துவிட்டது.

அந்த வருஷம்தான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு நின்றது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

எங்கள் ஊருக்குத் திருவெள்ளறை போகிற பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஊருக்கு ஒரே ஏரி. அந்த ஏரிக்குள் அரசாங்கம் முன்னொரு காலத்தில் கருவேல விதை தூவி வளர்த்த காடு இருந்தது. மரம் முற்றியதும் வனத்துறைக்காரர்கள் எண்ணி, எண் போட்டு, ஏலம் விடுவார்கள். அந்தத் தடவை அப்பாவும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து ஏலம் எடுத்தார்கள். கரையோரத்து மரங்கள் மற்ற இருவருக்கும், ஏரியின் நடுப்பள்ளத்தில் நிற்கும் மரங்கள் அப்பாவுக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். அப்பா கேட்டு வாங்கியதுதான் அது. வருஷம் முழுக்கத் தண்ணீர் குடித்து வளர்ந்த பருத்த மரங்கள் அங்கேதான் இருந்தன. வாழை போட்டு வந்த காசு மொத்தத்தையும் அதில் போட்டிருந்தார். சித்திரை முடிவதற்குள் வெட்டி எடுக்காவிட்டால் காசும் போகும், மரமும் போகும்.

மாமாவோ அதே ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தார். மதகுப் பக்கத்தில் கொட்டகை போட்டுக் காவல் இருந்தார். கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டிருந்தார். அதோடு தானாக இனம் பெருகும் விராலும் உண்டு. வெயில் ஏறி ஏரி வற்ற வற்ற, மீனெல்லாம் நடுப்பள்ளத்தில் வந்து ஒண்டிக்கொள்ளும். அங்கே கருவேல நிழல் இருந்தால்தான் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும், மழை வரும் வரை உயிர் பிழைக்கும். அப்பா கேட்டு வாங்கிய மரங்களும் மாமாவின் மீனுக்கு நிழல் கொடுத்த மரங்களும் ஒன்றேதான்.

"அந்தப் பள்ளத்து மரத்தை மட்டும் விட்டுடச் சொல்லுக்கா" என்று மாமா அம்மாவிடம் வந்து கேட்டார். அப்பா உள்ளேயிருந்தே பதில் சொன்னார். "மரத்துல உக்காந்துக்கிட்டு நீர்க்காகமெல்லாம் மீனைத் தின்னு தீர்க்குது. நான் மரத்தை வெட்டினா உன் தம்பிக்குத்தான் நல்லது. அது தெரியல அவனுக்கு."

"நீர்க்காகம் தின்னா எச்சத்தையாவது போடும்க்கா. அதைத் தின்னு மீன் வளரும். உங்க வீட்டுக்காரர் தின்னா என்னத்தைப் போடுவார்?"

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சு நின்றது.

மாசிக் கடைசியில் சமயபுரத்தில் மாரியம்மன் தன் பிள்ளைகளுக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கத் தொடங்குவாள். அம்மா அன்றைக்குக் காலையில் தனியாகக் கோயிலுக்குப் போனாள். திரும்பும்போது கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தாள். பிள்ளைக்குக் காது குத்தினால்தான் அவிழ்ப்பேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தாளாம்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பாவுக்கோ சோறு இறங்கவில்லை. காப்புக் கட்டிய வீட்டில் பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு முருங்கைக் கொப்பைக்கூட ஒடிக்க மாட்டோம். அப்பா பெருமாளையும் அம்மனையும் ஒருசேர நம்புகிறவர். சனிக்கிழமை திருவெள்ளறைப் பெருமாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் மீறுவாரா? அவர் மீறினாலும் மரம் வெட்ட வந்த ஆட்கள் மீறவில்லை. அம்மா அவர்களுக்கு மோர் ஊற்றினாள். சொம்பை நீட்டிய கையில் காப்பைப் பார்த்ததும் மேஸ்திரி கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டார். "ஆத்தா விரதம் முடியட்டுங்க. நாங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க" என்று மோரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

"நாளைக்கே குத்திடு. அவுத்துடு" என்றார் அப்பா.

"குத்தலாம்ங்க. மாமன் மடி வேணுமே" என்றாள் அம்மா.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அப்பா என் பக்கம் திரும்பினார். "உங்க அம்மாவுக்கு நேரங்காலமே தெரியாது" என்று என்னிடம் சொன்னார். அம்மா தெரிந்து செய்தாளா, அம்மன் அவள் மனதில் புகுந்து செய்ய வைத்தாளா, எனக்கு இன்று வரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. சாமி காரியத்தில் ரொம்பக் கேள்வி கேட்கக் கூடாது.

அன்று முதல் ஏரிக்கரைக்கும் வீட்டுக்கும் நான்தான் தூது.

"உங்க மாமன்கிட்ட சொல்லு. பெருசா தாய்மாமன்னு பேரு வெச்சிக்கிட்டா போதாது, ஒரு நாள் வந்து உக்காரணும்னு சொல்லு" என்பார் அப்பா.

நான் மதகுக் கொட்டகைக்குப் போய், "மாமா, அப்பா உங்களைக் காது குத்துக்குக் கூப்பிட்டார்" என்று சொல்வேன். கடுப்பையெல்லாம் வழியிலேயே விட்டுவிடுவேன். தோடு என்னுடையது அல்லவா?

மாமா சிரிப்பார். அவருக்கு அதற்குள் கணக்குப் புரிந்துவிட்டது. "மருமவளே, உங்கம்மா கையில காப்பு இருக்கிற வரைக்கும் என் மீனு நிழல்ல இருக்கும். நான் வந்து மடியைக் குடுத்தா, மறுநாளே உங்கப்பா கோடாலியைத் தூக்குவார். சித்திரை போகட்டும், நான் ஓடி வரேன்."

"சித்திரையில எனக்குப் பத்து வயசாயிடும் மாமா."

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. வலையின் கிழிசலைத் தைப்பதுபோலக் குனிந்துகொண்டார். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

கரையோரத்தில் மற்ற இரண்டு பேரும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோடாலிச் சத்தம் விடிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் அப்பா தொடையைத் தட்டிக்கொள்வார். டிராக்டர் டிராக்டராக மரம் போயிற்று. கரை வெளுத்துக்கொண்டே வந்தது.

பங்குனி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னோடு தானும் ஏரிக்கு வந்தார். கொட்டகைக்கு வர மாட்டேன், பள்ளத்தோரம் இருக்கிறேன், நீ போய்க் கேட்டுவிட்டு வா என்றார். நான் கொட்டகைக்குப் போனபோது மாமா இல்லை. அன்றைக்குப் பட்ட கொஞ்ச மீனை உறையூர்க் கடைகளுக்குப் போட்டுவிட்டு வெயில் ஏறித்தான் வந்தார். வழக்கம்போல, "சித்திரை போகட்டும் மருமவளே" என்றார். நான் அழுதுகொண்டே திரும்பினேன்.

அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். காலையில் நான் விட்டுப்போன இடத்தில் இல்லை. வெயில் திரும்பத் திரும்ப, நிழலோடு அவரும் குண்டியைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்திருக்கிறார். மணலில் தடம் தெரிந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் வெயில் விழுந்த பக்கம் ஒரு பூச்சிகூட இல்லை. நிழல் விழுந்த பக்கம் முழுக்க மீன். முதுகோடு முதுகு ஒட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, அசையாமல் நின்றன. நிழல் நகர்ந்தபோது, வெயில் பட்ட ஓரத்து மீன்கள் மெல்ல உள்ளே நுழைந்துகொண்டன. அந்தப் பக்கம் இருந்தவை தள்ளி இடம் விட்டன. அதே நேரம் அப்பாவும் என்னைத் தூக்கிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தார்.

"என் மரத்து நிழல்ல உங்க மாமன் மீனு நிக்குது. வாடகை குடுக்குதா பாரு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. மறுபடி நிழல் நகர்ந்தது. மீனும் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். பிறகு அப்பா, "பெருமாளே" என்று பெருமூச்சு விட்டு எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே மதகுப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இன்றைக்குக் கைகலப்புதான் என்று நினைத்தேன்.

கொட்டகை வாசலில் நின்று, "மாப்ள, தண்ணி இருக்கா?" என்றார் அப்பா.

மாமா பதறி எழுந்து பானையில் மொண்டு கொடுத்தார். "உக்காருங்க மாமா."

அப்பா குடித்து முடித்தார். "இன்னைக்குத் தண்ணி எது வரைக்கும் நிக்குதோ, அது வரைக்கும் இருக்கிற மரத்தை நான் தொடல. அதுக்கு இந்தாண்ட நிக்கிறது என்னுது. ராத்திரியோட ராத்திரியா மோட்டார் போட்டுத் தண்ணியை ஏத்திடாதே."

மாமா காலிச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். மெதுவாக, "பாதி மரம் போயிடுமே மாமா உங்களுக்கு" என்றார்.

"அது என் பாடு. நீ வந்து மடியைக் குடு. இந்தப் பிள்ளை அழுது அழுது என் துண்டெல்லாம் சளி."

"மீன் பிடிக்கிறப்போ உங்களுக்கு ஒரு பங்கு..."

"உன் மீனு எவனுக்குடா வேணும்?"

"அப்படின்னா, கழிக்கிற முள்ளுக் கொப்பையாவது பள்ளத்துல போட்டுடுங்க. திருட்டு வலை போடுறவன் வலை கிழியட்டும். குஞ்சு உள்ள பதுங்கிக்கும்."

"அதையும் நான்தான் இழுத்துப் போடணுமா?" என்றார் அப்பா. பிற்பாடு இழுத்தும் போட்டார். மீன் பிடித்தபோது பங்கும் வாங்கினார். அந்த வருஷம் போட்ட காசு முழுதாகத் திரும்பவில்லை என்று பல நாள் முணுமுணுத்தார். ஆனால் அடுத்த மீன் குத்தகையை மாமாவும் அவரும் சேர்ந்துதான் எடுத்தார்கள். தண்ணீரில் நின்ற மரங்களைப் பறவை கூடு கட்டுகிறது என்று அடுத்த ஏலத்தில் அதிகாரிகளே எண்ணாமல் விட்டார்கள். இப்போதும் நான் ஊருக்குப் போனால் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன். கரையில் புதுக் கன்று வைத்திருக்கிறார்கள். நடுவில் அந்த மரங்கள் நிற்கின்றன, அடியில் மீன் இருக்கிறது. கடவுள் யாரையும் கைவிடுவதில்லை என்று எனக்கு அங்கே நிற்கும்போது தோன்றும்.

கொட்டகையில் பேசி முடித்த பிறகு வந்த முதல் நல்ல நாளில் வேன் வைத்துக்கொண்டு சமயபுரம் போனோம். மாமா புது வேட்டி கட்டி, சீர்த் தட்டில் எனக்குப் பட்டுப் பாவாடையும் பொட்டுத் தோடும் வைத்துக் கொண்டுவந்தார். அவர் மடியில் உட்கார்ந்தேன். சோப்புப் போட்டுக் குளித்தும் மீன் வாசம் போகவில்லை. காது குத்த வந்த பத்தர் ஊசியைக் கையில் எடுத்ததும் நான் துள்ளினேன். "காலைப் பிடிங்க மாமா" என்றார் மாமா. "நீ தலையைப் பிடி மாப்ள" என்றார் அப்பா. நான் திமிற, இருவரும் ஒரே சமயத்தில் குனிய, இரண்டு தலையும் 'ணங்' என்று முட்டிக்கொண்டன. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என்னைப் பிடித்த பிடி தளரும் அளவுக்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஊசி இறங்கிவிட்டது. வாயில் யாரோ சர்க்கரையைப் போட்டார்கள்.

அழலாமா என்று நிமிர்ந்து பார்த்தேன். அம்மா எதிரே நின்றாள். அந்த இரண்டு பேரையும் பார்த்தபடி, காப்புக் கட்டிய கையால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வலிக்குமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பெரிய மனுஷியைப் போல, "வலிக்கவே இல்லம்மா, அழாதே" என்று பொய் சொன்னேன். அம்மா அதற்கப்புறம்தான் அதிகமாக அழுதாள்.

சரி, இன்னொரு காதுக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.