நெட்டை அம்மாசியின் கடைசி ஆட்டம்

அம்மாசியைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. ஆறடி நாலங்குலம். மலாயாவில், புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் கோல் கீப்பர். கோலா கெத்திலிலிருந்து ஆட்டம் பார்க்க வந்தவர்கள் பந்தைப் பார்த்தார்களோ இல்லையோ, இவனைப் பார்த்தார்கள். மேல் கம்பத்தைக் குதிக்காமலே தொடுவான். அப்படிப்பட்டவனுக்கு, அவன் மார்புக்குக்கூட வராத நவமணி பெண்டாட்டியாக வாய்த்தாள். உயரத்தில் விட்டதையெல்லாம் வாயில் பிடித்தவள். அவனை அதட்ட அந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. நாற்பத்து மூன்றில், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். இந்தத் தோட்டத்திலிருந்து இருபது பேர் போக வேண்டும். முன்னால் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை; கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று காதோடு காதாகப் பேச்சு. சிலர் காட்டில் ஒளிந்தார்கள். அம்மாசி எங்கே போய் ஒளிவான்? எந்தப் புதரில் பதுங்கினாலும் பாதி ஆள் வெளியே நிற்பான். பட்டியலில் முதல் பெயரே அவனுடையதுதான்.

நவமணி நேரே ஆபீசுக்குப் போய், பட்டியல் எழுதிய குமாஸ்தா, கிராணி சதாசிவத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா பாரும்மா," என்றார் அவர். "ஜப்பான் அதிகாரிக்குப் பந்தாட்டம்னா உசுரு. ஞாயித்துக்கெழம அவங்க ஆளுங்களுக்கும் நம்ம பயலுகளுக்கும் ஆட்டம். அவரு அடிக்கிற பந்து ஒண்ணு உள்ள போவணும். போச்சுன்னா உன் புருசன் பேர எடுத்துடலாம்னு அவரே சொல்லிட்டாரு."

அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாசி முகம் கறுத்தான். "கைக்கு வந்த பந்த நான் விட்டதில்ல புள்ள."

"விடு. இந்த ஒரு தடவ விடு. நீ செத்துட்டா அந்தப் பந்தா எனக்குக் கஞ்சி ஊத்தும்?"

அவன் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான், உயிரோடு கிடந்தால் போதும் என்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே திடலில் கூடிவிட்டது. கிழங்கு தின்கிற பிள்ளைகள் எவ்வளவுதான் ஓடுவார்கள்? ஆனாலும் கடைசிவரை யாருக்கும் கோல் விழவில்லை. பார்த்தான் அதிகாரி. ஆட்டத்தை நிறுத்தி, கோலுக்கு நேரே பந்தை வைத்துவிட்டான். பெனால்டியாம். யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று கேட்க ஒருத்தனுக்கும் தைரியமில்லை. இதோடு முடிந்தது, மனுஷன் பிழைத்தான் என்று நினைத்தாள் நவமணி.

அதிகாரி அம்மாசியை அண்ணாந்து பார்த்தான். பிறகு விரலால் தரையைக் காட்டினான்.

"மண்டி போடச் சொல்றாரு," என்றார் கிராணி. "போட்டுடுப்பா."

அம்மாசி நவமணியைத் திரும்பிப் பார்த்தான். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான். சிப்பாய்கள் சிரித்தார்கள். பந்தைத்தானே நவமணி விடச் சொன்னாள்? ஆளையே விடச் சொன்னாளா? பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்தாள்.

"மாமா, எந்திரி."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என் தலைமேலதான பண்ணுன? நான் எடுத்துட்டேன். எந்திரி."

அவன் எழுந்தான். எழுந்துகொண்டே இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும், அத்தனை உயரம். அதிகாரி இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி உதைத்தான். அம்மாசி ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்து, தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

அதிகாரி ஓடிவந்து கையை ஓங்கினான். கன்னம் எட்டவில்லை. குனியச் சொல்லிக் கத்தினான், அம்மாசி குனியவில்லை. கடைசியில் ஆபீசிலிருந்து நாற்காலி வந்தது. அதன்மேல் ஏறி நின்று மாறி மாறி அறைந்தான். நாட்டையே பிடித்தவனுக்கு ஒரு பால்மரக்காரனை அறைய நாற்காலி வேண்டியிருந்தது. தோட்டமே அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

செவ்வாய்க்கிழமை லாரி வந்து அம்மாசியையும் சேர்த்து இருபது பேரை ஏற்றிப் போனது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்," என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். நவமணி தனியாக மரம் வெட்டும்போது மட்டும் அழுதாள்.

சண்டை முடிந்து மூன்று பேர் திரும்பினார்கள். அவர்களில் வீரசாமி, எலும்பும் தோலுமாக அவள் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"காலராதான்க்கா. ரெண்டே நாளு. குழி தோண்டுனோம், அண்ணனுக்குப் பத்தல. கால மடக்கிப் போட்டு மூடுங்கடான்னான் காவக்காரன். நாங்க கேக்கல. எங்களுக்கு நிக்கவே தெம்பில்ல. அடிச்சான். அடிச்சா அடிச்சிக்கடான்னு இன்னும் ரெண்டு மொழம் தோண்டுனோம்."

நவமணி அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீட்டித்தான படுக்க வச்சீங்க?"

"நீட்டித்தான்க்கா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், வீரசாமிக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.