விரால் குளத்து வலை

எங்கள் வீட்டுப் பரணில் பழைய மீன்வலை ஒன்று கிடக்கிறது. நடுவில் சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு ஓட்டை. தூத்துக்குடியில் கருப்பட்டியும் பலசரக்கும் விற்ற குடும்பம் எங்களுடையது. வலைக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதைக் கையில் எடுத்தால் எழுபதுகளின் அந்த மார்கழிக் காலை வந்து நின்றுவிடுகிறது.

அப்போது நான் மாசமாக இருந்தேன். தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய்வீட்டில் அம்மா இல்லை. அந்தக் குறை தெரியக்கூடாது என்று என் மாமியார் கங்கணம் கட்டிக்கொண்டார். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தாமிரபரணிக் கரை நெல்வயல் ஊரில் பிறந்தவர். வாசலிலேயே பால்சுறா விலைக்கு வரும் ஊரில் வாழ்க்கைப்பட்டும், கடல்மீனை அவர் மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. “பிள்ள பெத்த உடம்புக்கு வெரால்தான் ஏத்ததுளா. ஒன் அம்மை இருந்தா அதத்தான் ஆக்கித் தந்திருப்பா” என்பார். என் அம்மாவும் கடற்கரைக்காரிதான், சுறாப்புட்டுதான் செய்திருப்பாள். ஆனாலும் என் அம்மாவை நினைத்து ஒருத்தர் பேசுவதே எனக்குப் போதுமாக இருந்தது.

வீடு கட்ட மண் எடுத்த பள்ளம் ஒன்று பின்கட்டில் இருந்தது. ஐப்பசி மழையில் அது நிறைந்ததும், அத்தை பிறந்த ஊருக்குப் போய் விரால் குஞ்சுகளைப் பித்தளைக் குடத்தில் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். யார் போய்ச் சொன்னார்களோ, அந்த வாரமே விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டன. கொக்கு வந்தது, துணிக்கொடியில் மீன்கொத்தி உட்கார்ந்தது, துவைக்கிற கல்லடியில் தண்ணிப்பாம்பு குடிவந்தது. அத்தை தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். விரட்டத்தான் போனேன் என்று சொன்னால் அது பொய். வேடிக்கை பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு. எல்லாவற்றையும்விட அத்தையைப் படுத்தியது புறா அளவே இருந்த முக்குளிப்பான் என்கிற நீர்க்குருவிதான். “இங்கன முங்குனா அங்கன எந்திரிக்கு, சவம்” என்று மண்ணாங்கட்டியை ஓங்கியபடியே நிற்பார்.

கடைசியில், எங்கள் கடையில் சாமான் வாங்கும், கடலுக்குப் போகிற தருவைகுளத்து மீன்காரரிடம் ஒரு வலையை இரவல் கேட்டார். குளத்தின் மேல் அதை விரித்து நான்கு பக்கமும் முளையடித்துக் கட்டினோம். ஆற்றங்கரைக்காரிக்குக் கடல்வலையின் கனம் தெரியவில்லை. ராத்திரிக்குள் நடுப்பகுதி தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது.

காலையில் பல் துலக்கப் போன நான்தான் பார்த்தேன். வலை தண்ணீருக்குள் துடித்துக்கொண்டிருந்தது. முங்கிய முக்குளிப்பான் கண்ணிகளில் சிக்கி, மேலே வர முடியாமல் தவித்தது. அதுவரை எங்கள் கண்ணில் படாத அதன் குஞ்சுகள் நாணல் ஓரத்தில், வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்ட குட்டித் தலைகளை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. “அத்தை” என்று நான் அலறியதில் அடுத்த வீடு எழுந்திருக்கும். புல் அறுக்கிற அரிவாளோடு வந்தவர், “ஏளா, நீ கரையில நில்லு” என்று அதட்டிவிட்டு, சேலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். இரவல் வலை. கடற்காரனுக்கு அது சோறு. அவிழ்த்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஒரே அறுப்பு.

கையில் எடுத்தபோது அதன் தலை தொங்கியது. போய்விட்டது என்றே நினைத்தேன். அத்தை அதைக் கவிழ்த்துப் பிடித்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. சட்டென்று அது அவர் கட்டைவிரலைக் கொத்திவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தது. குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு வந்து தாயின் முதுகில் ஏறி இறகுக்குள் புதைந்துகொண்டன. தலைகள் மட்டும் வெளியே. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அழுதுகொண்டே சிரித்தேன். விரலைச் சூப்பியபடி நின்ற அத்தையும் சிரித்தார்.

அன்றே வலையைச் சுருட்டிவிட்டோம். தகரமும் ஓய்ந்தது. வலை கேட்டு வந்த மீன்காரர் ஓட்டையைப் பார்த்துத் திகைத்துப் போனார். அத்தை புது வலைக்குப் பொறுப்பேற்ற பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. “மருமவளுக்குன்னு வளத்த மீன இப்படிக் குருவிக்கு விட்டுட்டியளே அக்கா” என்றார்.

பங்குனியில் எனக்கு மகள் பிறந்தாள். விரால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த மீன்காரர் கொண்டுவந்த பால்சுறாவை, முகத்தைச் சுளித்துக்கொண்டே அத்தை புட்டாக்கி எனக்கு ஊட்டிவிட்டார். அம்மா கைப்பக்குவம் அப்படியே இருந்தது.

இப்போது அந்த மகள் தன் மகளின் பேறுகாலத்துக்காக வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள். ஓட்டை வலை எதற்கு, தூக்கிப் போடலாமே என்கிறாள். நான் விடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று முக்குளிப்பானைக் காட்டி மீன்காரருக்கு அத்தை சொன்ன பதில் கேட்கிறது.

“பிள்ள பெத்தவ திங்கத்தான தம்பி வளத்தேன். அவளும் பெத்தவதான?”