விரல் நீளச் சிப்பாயின் தோல் கோட்டு

எழுபதுகளில் செங்கம் ரோட்டுக்கு நான்தான் தபால்காரன். அங்கே கடிகாரக் கடை வைத்திருந்தவரின் மகன் போருக்குப் போய் மூன்று வருடமாகத் தகவல் இல்லை. அந்தக் கடை நெருங்க நெருங்க என் கால் தயங்கும்.

கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு நிமிர்ந்து பார்ப்பார். கடிதம் இருக்கிறதா என்று கேட்கவே மாட்டார். என் தோல் பையை வாங்கி, தேய்ந்த ஓரங்களைத் தடவிப் பார்ப்பார். மேஜைமேல் விரல் நீளத்தில் ஒரு மண் சிப்பாய் நிற்பான். மகன் போட்டோவில் போட்டிருந்த தோல் கோட்டைத்தான் அந்தச் சிப்பாய்க்கும் மண்ணிலேயே செய்திருந்தார். என் பையைப் பார்த்துப் பார்த்துப் பழுப்பு நிறம் கலந்து அதற்குத் தீட்டுவார்.

ஒரு மார்கழிக் காலையில் அந்தக் கோட்டின் முழங்கை வெளுத்திருந்தது.

"சாயம் போயிடுச்சுங்களே?" என்றேன்.

"போவலைங்க, நான்தான் வெளுக்க வெச்சேன். மூணு வருஷமா அதையே போட்டுனு இருக்கான், தேயாதா?"

பிறகு என் பையைத் திருப்பினார். தையல் விட்டுக் கிழிந்திருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"அங்க குளிரு ஜாஸ்திங்க. இந்தத் தோலு எத்தினி வருஷத்துல கிழிஞ்சுது?"

"பத்து வருஷம் தாங்குச்சுங்க" என்றேன்.

நாலாவது வருடமே கிழிந்த பை அது.