கம்பளி மறைத்த ஜன்னல்கள்

என் மாமாவுக்குப் பாட்டில்லாத படங்கள் பிடிக்கும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு வியாதியைப் போலத்தான் பேசிக்கொள்வார்கள். அம்மாவின் தம்பி அவர். சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், ஃபாக்டரியில் மின்சார வேலை. லீவு கிடைத்தால் எர்ணாகுளத்துக்குப் பஸ் ஏறி, ஏதோ ஒரு ஃபிலிம் சொசைட்டியில் வேற்று நாட்டுப் படம் பார்த்துவிட்டு வருவார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியொரு படத்தைத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார். ஜனங்கள் கடைசிவரை உட்கார்ந்திருந்தால் மாதம் ஒரு படம் அனுப்புவதாகச் சொசைட்டியில் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துப்போக வந்த சொசைட்டிக்காரர் புரொஜெக்டர் பக்கத்திலேயே நின்றார்.

மத்தியான வெளிச்சத்தை மறைக்க, மாமா வீடு வீடாகக் கம்பளி வாங்கித் தோட்டத்துத் தொழிலாளர் கிளப் ஜன்னல்களில் தொங்கவிட்டார். மழையில் கொழுந்து கிள்ளும்போது போர்த்திக்கொள்ளக் கம்பெனி கொடுக்கும் கறுப்புக் கம்பளி. அம்மா மட்டும் கொடுக்கவில்லை. எனக்குக் குளிரும் என்று, தன் கம்பளிக்குள் என்னையும் இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

திரையில் ஒரு வெள்ளைக்காரி தன் மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

“எலே, பாட்டு எப்ப வரும்?”

“சண்டையாவது உண்டா?”

“பாத்திரம் கழுவுறதப் பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வாங்கய்யா, ஓசியிலயே காட்டுறேன்” என்று ஒரு அக்கா சொன்னதும் கிளப்பே சிரித்தது.

எழுந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. வெளியே தூறல். அவரவர் கம்பளியை ஜன்னலிலிருந்து உருவிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கம்பளி இறங்கும்போதும் வெள்ளைக்காரி இன்னும் கொஞ்சம் வெளுத்தாள்.

மாமா மைக்கைப் பிடித்தார். அந்தப் பாஷை அவருக்கும் தெரியாது. “போகாதீங்க! இனிமேத்தான் வில்லன் வாரான்!” சிலர் திரும்பி உட்கார்ந்தார்கள். வில்லன் வரவில்லை. “இது அவ பெத்த பிள்ளையே இல்ல!” என்று அடுத்ததை அவிழ்த்துவிட்டார்.

“எலே தம்பி, பொய் சொல்லாத.” அம்மாதான். நாலு பேர் முன்னால் பேசியே அறியாதவள். “அவ வேலைக்குப் போயிருக்கா. அம்புட்டுத்தான் கதை. பேசாம இரு.”

எழுந்துபோய், எங்கள் கம்பளியைத் திரைக்குப் பக்கத்து ஜன்னலில் மாட்டினாள். படம் மறுபடி தெரிந்தது.

கடைசியில் வெள்ளைக்காரி ரொட்டியோடு கதவைத் திறந்தாள். மகள் ஓடிவரவில்லை; திரும்பிக்கூடப் பார்க்காமல் கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதோடு படம் முடிந்துவிட்டது. அப்போது ஹாலில் இருந்தது நாங்களும் இன்னும் சில பெண்களும்தான். சொசைட்டிக்காரர் பெட்டியைக் கட்டினார். பிறகு படம் ஏதும் வரவில்லை.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். சில சாயங்காலங்களில் கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேலையை விட்டுவிடலாமா, இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமா என்று தினமும் மாற்றி மாற்றி நினைக்கிறேன்.

அன்று படம் முடிந்து வீடு திரும்பும்போது அம்மா திடீரென்று கேட்டாள்: “உன்னயக் கைப்பிள்ளையில பிள்ளைக் கொட்டகையில ஆயாகிட்ட விட்டுட்டுக் கொழுந்துக்குப் போவேனே, ஞாபகம் இருக்கா உனக்கு?”

“பசிக்குதும்மா” என்றேன்.

கம்பளியை எடுத்துப் போர்த்திய பிறகும் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் குளிர் அதிகம் என்றுதான் நினைத்தேன்.