அப்பாவின் கத்தரிக்காய்க்கு ஏன் கூட விலை

எங்கள் அப்பா மறைந்து இன்றோடு முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்காக, அவருடைய நற்குணங்களை அமைதியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை. வரும் திங்கட்கிழமை தோட்டத்தைப் பற்றி நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

பருத்தித்துறையில் பிறந்த அப்பா, போருக்குத் தப்பி சிட்னிக்கு வந்தவர். வந்த புதிதில் ஒரு தோட்டத்தில் போஞ்சிக்காய் ஆய்ந்தார். வாளிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நாள் முழுவதும் குனிந்தாலும் சட்டப்படியான சம்பளத்தில் பாதி தேறாது. நிரந்தர வீசா இல்லாதவர் யாரிடம் போய் முறையிடுவார்? பின்னர் நகரின் மேற்கு ஓரத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து, கத்தரியும் வெண்டியும் பாகலும் போட்டார். வேலைக்கு வந்த எல்லோருக்கும் சட்டம் சொன்ன சம்பளத்தையே கொடுத்தார்.

அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் அப்படியில்லை. ஆட்களுக்குக் கணக்கில் காட்டாமல் கையில் ஏதோ கொடுத்துவிட்டு, மரக்கறியை மலிவாக விற்றார்கள். மெரிலேண்ட்ஸில் எங்களிடம் வாங்கும் கடைக்காரர் சொல்வார்: "அண்ணை, மற்றவை பாதி விலைக்குத் தருகினம். சனம் விலையைத்தான் பாக்குது. நான் என்ன செய்ய?" அப்பா சிரித்துவிட்டு வெளியே வருவார். வான் வண்டியில் ஏறியதும் அன்றைய கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தோட்டம் என் பொறுப்பில் வந்தது. விலையைக் குறைக்காவிட்டால் இனி எடுக்கமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஐயோ, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்களிடம் வேலை செய்யும் தவம் அண்ணையிடம் போய், "கொஞ்ச நாளைக்குச் சம்பளத்தைக் குறைச்சுக் கையில தரட்டோ, அண்ணை?" என்று கேட்டேன். அகதியாகக் கப்பலில் வந்த அவரை நார்த்மீட்டிலுள்ள எங்கள் வீட்டில் தங்கவைத்து ஆளாக்கியவர் அப்பா.

"அதுக்கென்ன தங்கச்சி. ஐயாவுக்கு இதையும் செய்யாட்டி நானும் ஒரு மனிசனே?" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்பாவைப் பார்க்க வந்த இடத்தில் தவம் அண்ணை இதை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவர் போகும்வரை அப்பா பொறுத்திருந்தார்.

"பிள்ளை, நான் கட்டிலில கிடக்கேக்க நீ போய்க் கேட்டா, அவன் மாட்டன் எண்டு சொல்லுவானே? போஞ்சி ஆய்ஞ்ச காலத்தில எனக்கும் மாட்டன் எண்டு சொல்ல வழியில்லை."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அன்றே பழைய சம்பளத்துக்கு மாற்றி, குறைத்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். அதைச் சொன்னபோது அப்பா என் கையைத் தட்டிக்கொடுத்தார். மூன்றாம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அப்பாவைக் கவனித்த மருத்துவர், தாதியர், கிரியைகளுக்குத் தோள்கொடுத்த உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தவம் அண்ணையிடம் நான் கேட்பது மன்னிப்பு.

விலைக்குப் பதில் கேட்டு அந்தியேட்டிவரை பொறுத்திருக்கும் கடைக்காரரிடம் திங்கட்கிழமை பழைய விலையைத்தான் சொல்லப்போகிறேன். தோட்டம் மிஞ்சுமோ தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா எதற்கும் அஞ்சாதவர் என்று இங்கே எழுதினால் அது பொய். அவரும் பயந்தார், பயந்துகொண்டேதான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் முழுச் சம்பளத்தையும் கொடுத்தார்.