கடைப்படியில் ஏறிய கோடு

1. கழக்கூட்டம் சாலையில் நடந்துபோகிறவர்கள் அடிபட்டுக்கொண்டே இருந்ததால், நடைபாதை போட முடிவானது.
2. ஹர்த்தாலன்று கடை திறக்காது, வண்டி ஓடாது என்பதால், இஞ்சினியரான நானும் ஆட்களும் அன்றே நடைபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம்.
3. கோடு ஒரு பலசரக்குக் கடையின் கருங்கல் படிகளில் ஏறியது.

கடைக்காரர் நாகர்கோவில்காரர். ஒல்லியான உடம்பு, தோளில் ஈரத்துண்டு. கடையை அடைத்திருந்த அன்றும் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹர்த்தாலுக்கு யாரு வரப்போறா அண்ணாச்சி?" என்றேன்.

"இஞ்சினியர் வந்தாச்சுல்லா மக்களே, படியை இடிக்க."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. கோட்டைக் கொஞ்சம் வளைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

அவர் துண்டைப் பிழிந்தார். "வளைச்சா பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த எடத்துல ரோட்டுல இறங்கணும்லா? நேரா போடு."

நடைபாதை நேராகவே இருக்கிறது. கடைக்குப் பலகை வைத்து ஏறுகிறார்கள். படிகள் இருந்த இடத்தில் அவர் இப்போது நடைபாதையைத் துடைக்கிறார்.