கதிரை முதுகில் ஒரு ஓட்டை

1. போன வெள்ளிக்கிழமை, பிரம்பு பின்னுகிற முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்தார். எங்கள் வீட்டுப் பழைய கதிரையைச் சரிசெய்து கம்பளைக்கு, என் தங்கச்சி பிலோ வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

2. இருக்கைப் பின்னல் தொய்ந்திருந்தது. அது வயதினால் வந்தது.

3. முதுகுப் பின்னலில், எட்டு வயதுப் பிள்ளை முழந்தாளிட்டால் வாய் வருகிற உயரத்தில், பெருவிரல் நுழைகிற அளவு ஒரு ஓட்டை இருந்தது. அது வயதினால் வந்ததல்ல.

4. "இது தேஞ்ச ஓட்டை இல்ல தங்கச்சி. கத்தரிக்கோல் வெச்சி வெட்டினது," என்றார் நானா என்னைப் பார்த்து. நான்தான் வெட்டினேன் என்றேன்.

5. முதுகையும் புதிதாகப் பின்னவா, இருக்கையோடு விடவா என்று கேட்டார். முதுகையும் பின்னச் சொன்னேன்.

6. ஞாயிறு பின்னேரம் வேலை முடிந்தது. திங்கள் காலை கதிரை ரயிலில் போனது.

ஆறு வரியில் முடித்துவிட்டேன் பாருங்கள். நான் பயிற்சி பெற்ற மருத்துவமாது. பிரசவத்துக்குக் கொண்டுபோகும் பையின் மூடியில் நூல், கத்தரி, சவர்க்காரம், பஞ்சு என்று பட்டியல் ஒட்டி வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் சரிபார்ப்பேன். நான் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளையையும் அப்படிச் சரிபார்த்துத்தான் உள்ளே எடுப்பேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நானா விறாந்தையில் பிரம்பைத் தண்ணீரில் ஊறப் போட்டதும் ஒரு வாசனை எழுந்தது. ஈரப் புல்லும் பழைய அரிசிச் சாக்கும் கலந்த மாதிரி. அதைப் பட்டியலில் எங்கே போடுவது?

எங்கள் வீடு கண்டியில், குளத்துக்கு மேலே ஏறுகிற சந்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் கதிரைகளும் அலுமாரியும் எல்லாம் இந்த வாசனைதான் அடிக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த அந்த வருஷம் மழை அதிகம். பின்னேரம் ஐந்து மணிக்கு, சந்திலுள்ள கத்தோலிக்கப் பிள்ளைகள் ஆறேழு பேர் குடையும் சாக்குமாக எங்கள் விறாந்தைக்கு வந்து சேருவார்கள். பூசையில் ஆண்டவரென்று சாமியார் நாக்கில் வைக்கிற மெல்லிய அப்பத்தை முதன்முறையாக வாங்க, அதாவது முதல் நன்மைக்கு, அம்மா அவர்களை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அதற்கு முந்திய வருஷம் அம்மா பிள்ளைப்பேற்றில் சாகக் கிடந்து, குழந்தையை இழந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். பிழைத்தெழுந்தால் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மந்திரம் சொல்லிக் கொடுப்பதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தார். ஆகவே எங்கள் வீட்டில் அந்தப் பாடம் வெறும் பாடமல்ல, ஒரு நேர்த்திக்கடன்.

நன்மையைப் பல்லில் படாமல் விழுங்கப் பழக்குவது பெரிய பாடு. அம்மா அப்பம் சுட்டு, அதன் மெல்லிய முறுகல் ஓரத்தைப் போத்தல் மூடியால் வட்டமாக வெட்டி, ஒவ்வொரு நாக்கிலும் வைப்பார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ஊறவிட்டு விழுங்க வேண்டும். எட்டு வயதுப் பிலோ ஒவ்வொரு முறையும் கடித்துவிடுவாள். அந்தக் கறுக்கென்ற சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். "மறுபடியும் ஆண்டவரைக் கடிச்சிட்டா," என்று பையன்கள் கத்துவார்கள். குசினி வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும் முத்தம்மா சிரிப்பை முந்தானையால் அடக்கிக்கொள்வாள்.

முத்தம்மா எங்கள் வீட்டு வேலைக்கு இருந்தவள். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். புருஷன் செத்தபின் கண்டிக்கு வந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் வீடு அவள் கையில்தான் இருந்தது. அப்பா கந்தோர் வேலைக்குப் போய்விடுவார். நான் கொன்வென்டிலிருந்து வர நாலு மணியாகும். பள்ளிக்கு அனுப்ப ஆளில்லாமல் பிலோ நாள் முழுக்க முத்தம்மாவின் முந்தானையிலும் பாயிலுமாக வளர்ந்தாள்.

செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத்தைப் பழக்குகிற பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார். நன்றாகச் செய்ய ஐந்து காரியம் வேண்டும் என்பதை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன் என்பதால் எனக்கு அந்த உத்தியோகம். அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து மறைப்பாக்கி, அதன் முன்னால் பிரம்புக் கதிரையின் முதுகைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் சாமியாராக நான் முக்காலியில். இந்தப் பக்கம் பிள்ளை முழந்தாளில். பின்னல் கண்கள், சாமியார் உள்ளே மறைந்திருந்து கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சல்லடை மாதிரியே இருந்தன. பொய் சொன்னேன், கோள் சொன்னேன், தம்பியைக் கிள்ளினேன் என்று வரிசையாக வரும். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலக்கா. அவன்கிட்ட நெறைய இருக்கு, ரெண்டு எனக்குக் குடுக்கச் சொல்லுங்க," என்றான் ஒருவன். நான் ஒரு கொப்பியில் ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளுக்கும் பத்துக் கோடு போட்டு, யார் எதில் தவறினார்கள் என்று புள்ளி வைத்தேன். வேறு தெய்வத்தைக் கும்பிடாதே என்ற முதல் கற்பனைக்கு நேரே ஒரு புள்ளியும் விழவில்லை. அது எனக்குக் கொஞ்சம் குறையாகவே இருந்தது.

பிலோ பேசினால் எனக்குக் கேட்காது. அவ்வளவு மெல்லிய குரல். அதற்காகத்தான் அம்மாவின் தையல் கத்தரியால் அந்த ஓட்டையை வெட்டினேன். கேட்க வேண்டும் என்றுதான் வெட்டினேன்; வேறொரு நியாயமும் சொல்வதற்கில்லை.

அன்றைக்கு அவள் அந்த ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னாள்:

"முத்தம்மா கும்புடுற கோயில்ல பொங்கல் சாப்பிட்டேன் சாமி. முத்தம்மா துண்ணூறு பூசுச்சு. வீட்டுக்கு வாறதுக்கு முந்தித் தொடச்சிட்டேன்."

எத்தனை தடவை என்று கேட்டேன். அப்படிக் கேட்பதுதான் முறை.

"அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. அம்மா சாகாம இருக்கணும்னு முத்தம்மா வேண்டிக்கிச்சு. நானும் வேண்டிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கதானே சாமி?" என்றாள்.

உயிர் போனாலும் சாமியார் பாவசங்கீர்த்தன இரகசியத்தை வெளியே விடமாட்டார் என்று முந்தின கிழமைதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதையே குரலைக் கனமாக்கி மறுபடியும் சொன்னேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்படி அபராதம் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் அபராதத்தைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். பிலோ அறை மூலையில் போய் நின்று, கைகூப்பி, மூன்றையும் சொல்லி முடித்தாள். அவளுக்கு அது ஒத்திகையல்ல, உண்மை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவிடம் போய்க் கேட்டேன்: சைவக் கோயில் பொங்கல் சாப்பிட்டால் அது நரகத்துக்குப் போகிற சாவான பாவமா, வெறும் அற்பப் பாவமா?

சந்தேகம் தீர்க்கத்தான் கேட்டேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையல்ல. முதல் கற்பனைக்கு நேரே கடைசியில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. அதை யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. யார் சாப்பிட்டது என்று அம்மா கேட்டார். சொன்னேன். எங்கே, யாரோடு, எத்தனை தடவை என்று ஒழுங்காகச் சொன்னேன்.

அம்மா சத்தம் போடவில்லை. மறுநாள் காலை முத்தம்மாவைக் குசினியில் வைத்துக் கேட்டார். அவள் மறைக்கவில்லை.

"சாகக் கெடக்கிற தாயிக்கு எந்தச் சாமிகிட்ட கேட்டா என்னம்மா? எனக்குத் தெரிஞ்சது அந்தச் சாமிதான்."

"ஒனக்காகக் கேட்டுக்க முத்தம்மா. எம் புள்ளையக் கூட்டிட்டுப் போக நீ யாரு?"

முத்தம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். பிலோ வாசற்படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தவள், என்னைக் கடந்துபோகும்போது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

முதல் நன்மைக்கு முந்தின நாள் பிள்ளைகளைப் பூசை காணுகிற எங்கள் கோயிலுக்கு நான்தான் கூட்டிப்போனேன். தொட்டி முன்னால் வரிசையில் நிற்கும்போதுதான், பதினைந்து நாளுக்குப் பிறகு, பிலோ தானாக என்னிடம் பேசினாள்.

"சாமியாரு அம்மாகிட்ட சொல்ல மாட்டாரா?"

"சொல்லவே மாட்டார்."

"நீயும் அப்பிடித்தான் சொன்ன."

உள்ளே போனாள். நான் ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாளா, ஒன்றும் சொல்லாமல் வந்தாளா, எனக்குத் தெரியாது. மறுநாள் வெள்ளை உடுப்பும் பூமுடியுமாக, நன்மையைப் பல்லில் படாமல் அழகாக விழுங்கினாள். அம்மாவுக்குக் கண் கலங்கியது. கறுக்கென்று ஒரு சத்தம் கேட்காதா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அவள் என்னோடு பேசினாள், சிரித்தாள், என் சட்டைகளை இரவல் போட்டாள். தனக்குள் இருப்பதை மட்டும் என்னிடம் சொன்னதில்லை. கொன்வென்டில் மயங்கி விழுந்ததை அவள் சிநேகிதி சொல்லி அறிந்தேன். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு," என்றாள்.

இப்போது வேலை நிமித்தம் புசல்லாவை வரை தோட்டங்களுக்குப் போகிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் எல்லாம் முத்தம்மாவை விசாரித்தேன். இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள் என்றார்கள் ஒரு தோட்டத்தில். வேறொரு தோட்டத்தில் அப்படி ஒருத்தியைத் தெரியாது என்றார்கள். போன மாரியில் ஒரு லயத்துக் காம்பரா அறையில், வலி எடுத்துக் கிடந்த பெண்ணின் மாமியார் மருமகள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "ஒங்கையும் நல்லா வரட்டும் தாயி," என்று என் நெற்றியிலும் பூசினாள். பிள்ளை பிறந்து, கை கழுவி, பையைச் சரிபார்த்து முடியும் வரை நான் அதைத் துடைக்கவில்லை. இதை இன்னும் எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

சந்தில் இப்போது யாரும் வீட்டில் வைத்துப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு கன்னியாஸ்திரிமார் வகுப்பு வைக்கிறார்கள். உட்கார வாங்குகளும் கரும்பலகையும் இருக்கின்றன. நல்ல ஒழுங்குதான். அப்ப ஓரம் வெட்டுகிறவர்கள் இல்லை. அம்மா முத்தம்மாவின் பெயரை எடுப்பதில்லை. ஒரே ஒரு முறை, போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது, "முத்தம்மா வச்ச கசாயம்..." என்று தொடங்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நேற்று பிலோவின் தபாலட்டை வந்தது. கதிரை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது, முதுகும் புதிதாக இருக்கிறது, எல்லாரும் சுகம். மூன்று வரி. இரண்டாவது வரியை நான் பல தடவை வாசித்தேன். நானா கேட்டபோது, இருக்கையோடு விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

பிலோவுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும். பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுக்கத்தான் அம்மா அந்தக் கதிரையை அனுப்பினார். பிரசவத்துக்குக் கம்பளையில் ஒரு மருத்துவமாதுவிடம் சொல்லி வைத்திருக்கிறார்களாம். என் பை சரிபார்த்துக் கதவோரம் இருக்கிறது. என்னை அவள் கேட்கவில்லை.